ஸ்காரப்பின் அடிப்பக்கத்தையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டைய எகிப்தின் வண்டுத் தாயத்துகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் எல்லாவற்றிலும் வண்டின் முதுகுதான் தெரிந்தது. ஸ்காரப் என்னும் அந்தத் தாயத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் அதற்குரியவர் யார் என்பது தெரியவரும், அதனாலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரை இவற்றைப் பீங்கான் என்கிறது. பெரும்பாலானவை கல்லில் செதுக்கியவை. நம் கல்சட்டிக்கான மாக்கல்லின் இனமான ஸ்டீயடைட், நகம் பட்டாலே கீறல் விழும் அளவுக்கு மென்மையானது. கட்டைவிரல் நகத்தளவே உள்ள அந்தக் கல்லில் தலை, இறக்கை மூடி, கால்கள் அனைத்தையும் செதுக்கி, நூல் கோக்க நீளவாக்கில் துளையிட்டு, செம்பு கலந்த நீலப்பச்சை மெருகேற்றிச் சூளையில் சுட்டபோது, எளிதில் கீற முடியாத உறுதி அதற்கு வந்தது. இன்று பலவற்றில் மெருகு உதிர்ந்து கல் வெளிறித் தெரிகிறது. செதுக்கிய கோடுகளின் பள்ளங்களில் மட்டும் பச்சை தங்கியிருக்கிறது.

சாணி உருட்டும் வண்டுக்கும் காலைச் சூரியக் கடவுளான கெப்ரிக்கும் உள்ள தொடர்பைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருக்கிறார். ஆனால் தட்டையான அடிப்பக்கம் முத்திரையாகவும் பயன்பட்டதை அவர் சொல்லவில்லை. அதிகாரிகள் தம் பெயரையும் பதவியையும் அங்கே பொறித்து, பெட்டி, கதவு, கடிதம் ஆகியவற்றை மூடிய ஈரக் களிமண்ணில் அழுத்தினார்கள். எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவின் உரோனார்ட்டி கோட்டையில் இத்தகைய களிமண் முத்திரைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. பொறித்த பெயரை வைத்து மட்டும் காலத்தைக் கணித்துவிடவும் முடியாது. எகிப்திய அரசர் மூன்றாம் துத்மோசின் பெயர் தாங்கிய ஸ்காரப்புகள் அவர் மறைந்து பல நூற்றாண்டுகள் வரை செய்யப்பட்டன.

எனக்கு மிகவும் பிடித்தவை, கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் அரசர் மூன்றாம் அமென்ஹோதெப் வெளியிட்ட பெரிய ஸ்காரப்புகள். 200-க்கும் மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு வகை ஸ்காரப்புகளில், ஆட்சியின் முதல் பத்து ஆண்டுகளில் தாம் வேட்டையாடிய சிங்கங்களின் எண்ணிக்கையை அரசர் சொல்கிறார். மற்றொரு வகையில் அரசி தியேயின் பெயரோடு, அரச குலத்தில் பிறவாத அவளுடைய தந்தை யூயா, தாய் தூயா ஆகியோரின் பெயர்களையும் பொறித்திருக்கிறார்.

அடுத்த இணைப்பில் இடமிருந்தால், இவற்றில் ஒரு ஸ்காரப்பின் அடிப்பக்கப் படத்தையாவது, வாசகத்தின் தமிழாக்கத்துடன் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர்.