எட்டு மணி சீரியலுக்கு எழுத்து போடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தமிழ் சீரியல்களுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் போடுங்கள் என்று காது கேளாதவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்.

என் அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியபின் காது மந்தம். கருவி மாட்டியிருக்கிறார். அதில் வசனத்தைவிட உங்கள் பின்னணி இசைதான் பலமாகக் கேட்கிறது. ஒருத்தி "அப்படியா?" என்றால் போதும், ஆறு பேர் முகத்தையும் மும்மூன்று தடவை காட்டி இடி இடிக்கிறீர்கள். வாயசைவை வைத்து ஊகிக்கலாம் என்றால், முக்கியமான வசனம் பேசுகிறவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார்.

சீரியல் அம்மாவுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. மறுநாள் காலையில் அக்கம்பக்கத்தாரோடு பேச அதுதான் சாக்கு. அந்த மாமியார் செய்தது சரியா, நம் தெருவில் அதே மாதிரி யார் என்று மாடிப்படியில் ஒரு மணி நேரம் ஓடும். போன மாதம் மருமகள் செத்துப்போய்விட்டதாக அம்மா அங்கே உருகியிருக்கிறார். அவள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குத்தான் போயிருந்தாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், கெட்ட எண்ணத்தில் அல்ல. அதிலிருந்து அம்மா படியில் போய் உட்காருவதில்லை. சீரியல் மட்டும் பார்க்கிறார். "என்ன சொன்னா?" என்று எங்களிடம்கூடக் கேட்பதில்லை.

யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பின் மீட்டர் வைத்த வீடுகளில் ஆளுக்கொரு பொத்தான். அமுக்கினால் பார்த்ததாகக் கணக்கு, உங்களுக்கு ரேட்டிங். புரிந்ததா என்று கேட்கத்தான் பொத்தான் இல்லை.

திரையில் இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கால்வாசித் திரையைச் சுருக்கி நகைக்கடை விளம்பரம் ஓட்ட இடம் இருக்கிறது. சினிமாவில் ஒருவன் சிகரெட்டைப் பற்றவைத்த நொடியே உயிரைக் கொல்லும் என்று தமிழில் எழுத்து வந்து நிற்கிறது. இத்தனை வருடத்தில் அம்மாவுக்காக நீங்கள் எழுதிக் காட்டிய ஒரே வசனம் அதுதான். அவர் வெற்றிலைகூடப் போடமாட்டார்.

அது சட்டத்துக்குப் பயந்து வந்த எழுத்து என்றால், இதற்கும் சட்டம் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவைப் பாருங்கள். 2019இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விதிமுறையும் வெளியிட்டது. செய்திகளில் சைகை மொழி வந்தது, நன்றி. ஆனால் வயதான காலத்தில் காது போனவர்களுக்குச் சைகை எங்கே தெரியும்? எழுத்து தெரியும்.

காது நன்றாக இருப்பவர்களுக்கும் லாபம்தான். தூர்தர்ஷனின் இந்திப் பாட்டு நிகழ்ச்சிகளில் பாட்டு வரிகளை இந்தியிலேயே ஓடவிட்டபோது, தட்டுத்தடுமாறிப் படித்தவர்களின் வாசிப்பு தேறியதை அப்போது அகமதாபாத் ஐஐஎம் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த பிரிஜ் கோத்தாரியின் குழு எடுத்துக்காட்டியிருக்கிறது.

வசனம் உங்களிடம் தாளிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துத்தானே படப்பிடிப்பில் நடிகர்களுக்கு வரிவரியாக எடுத்துக்கொடுக்கிறார்கள்?

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லா சீரியலுக்கும் நாளைக்கே கேட்கவில்லை. எட்டு மணி சீரியல் ஒன்றுக்காவது தமிழில் எழுத்து போடுங்கள். கண்ணாடி போட்டவர்கள் படிக்கிற அளவில் இருக்கட்டும். தயவுசெய்து அதன்மேல் விளம்பரப் பட்டையை ஓட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு நேயரின் மகள்