பிழை எப்போது தெரிய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர், புதுச்சேரி பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கோடிங் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "பைத்தானா, ஜாவாவா?" எதில் சம்பளம் அதிகம் என்பது கிடக்கட்டும். தப்பு செய்தால் அந்த மொழி எப்போது காட்டிக்கொடுக்கிறது என்று பாருங்கள்.

மேற்கோள் குறிக்குள் "10" என்று எழுதி (அப்போது அது எண் அல்ல, வெறும் எழுத்து), அதோடு 5 என்ற எண்ணைக் கூட்டச் சொல்லுங்கள். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் சத்தமில்லாமல் "105" என்று ஒட்டிவிடும். பைத்தான் மறுக்கும், ஆனால் அந்த வரி ஓடும்போதுதான். ரஸ்ட் மொழி, கம்பைல் செய்யும்போதே, அதாவது ஓட்டுவதற்கு முன் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே, நிறுத்திவிடும். சி மொழிதான் வில்லங்கம்: அந்த எழுத்துகள் இருக்கும் நினைவக முகவரியிலிருந்து 5 இடம் தள்ளிப் போய்விடும். "10"-க்கு, எழுத்துகள் முடிந்தன என்று காட்டும் முடிவுக்குறியோடு சேர்த்து 3 பைட்தான். அதற்கு அப்பால் இருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

பைத்தானில் வேலை சீக்கிரம் முடியும், உண்மை. ஆனால் மாதக் கடைசியில் மட்டும் ஓடும் பில் கணக்கில் இந்தப் பிழை ஒளிந்திருந்தால், அன்று ராத்திரிதான் வெடிக்கும். சப்போர்ட் டூட்டியில் இருப்பவருக்குத் தூக்கம் போச்சு. ரஸ்டில் அந்தத் தலைவலி குறைவு. பதிலுக்குக் கம்பைல் முடியக் காத்திருக்க வேண்டும். புதியவர்கள் அதன் உரிமை விதிகளோடு (நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு மதிப்புக்கும் யார் சொந்தக்காரர் என்ற விதிகள்) மல்லுக்கட்டவும் வேண்டும். பைத்தானிலேயே, 2015-ல் 3.5 பதிப்போடு வந்த வகைக் குறிப்புகளை (இது எண், இது எழுத்து என்று சொல்லும் குறிப்புகள்) எழுதி, மைபை போன்ற கருவியால் சோதிக்கலாம். ஓடும்போது பைத்தான் அவற்றைக் கண்டுகொள்ளாது. கருவியைத் தனியாக ஓட்டியே ஆக வேண்டும்.

கல்லூரி ஆய்வகத் தேர்வில், தவறான உள்ளீடு கொடுத்தால் நிரல் என்ன செய்கிறது என்பதற்கும் 10-க்கு 3 மதிப்பெண் ஒதுக்கலாமே?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.