மகமைக் கட்டட மேல்தளம்: ஐப்பசி மழைக்குள் முடிக்க நன்கொடை வேண்டுகிறோம்

நம் சமுதாயச் சங்கமான உறவின்முறையின் பெரியோர்களுக்கும், வெளியூர்களில் தொழில் செய்யும் நம்மூர்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

வியாபாரத்தில் எடுத்து வைத்த பொதுப்பணமான மகமையில் எழுந்த நம் பேட்டைத் தெருக் கட்டடத்தின் மேல்தளத்தைப் பிரித்தாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் மூடியாக வேண்டும். ரூ. 6 லட்சத்து 60 ஆயிரம் குறைகிறது.

சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தன்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் பேட்டை போட்டு வியாபாரம் தொடங்கிய நம் முன்னோர்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். லாபம் வந்தால் தருவோம் என்று காத்திருக்கவில்லை. வண்டியும் மாடும் இரவு தங்கப் பேட்டை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் அந்தக் காசில் எழுந்தவைதான். பெருந்தலைவர் காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலாவுக்காக வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தது நம் பாட்டிமார் சொன்ன கதை. நம் கட்டடமும் அந்த வழியில் வந்ததுதான். கீழே கடைகளும் சரக்கு வைக்கும் கிட்டங்கியும், மேலே உறவின்முறை கூடும் மண்டபம். கடை வாடகையில்தான் அம்மன் சன்னதி விளக்கு எரிந்தது, ஏழைப் பிள்ளைகளின் படிப்பும் நடந்தது.

போன மழையில் மண்டபம் ஒழுகியது. ஆசாரி வந்து, மேல்தளத்தைத் தாங்கும் தேக்குக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில் உளியால் லேசாகக் குத்தினார். மாவு மாவாக உதிர்ந்தது. கான்கிரீட் போட்டால் சல்லிசு என்றார்கள் சிலர். பழைய சுண்ணாம்புச் சுவரில் அந்தப் பாரத்தை ஏற்ற எங்களுக்கு மனமில்லை. செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்போடு கருப்பட்டியும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்க்கும் பழைய மெட்ராஸ் தளமே போடுகிறோம். அது இறுக வெயில் நாள் வேண்டும், அவசரம் அதனால்தான். கட்டைக்கு ரூ. 7 லட்சம், தளச் சாமானுக்கு ரூ. 6 லட்சத்து 50 ஆயிரம், கூலி ரூ. 4 லட்சத்து 50 ஆயிரம், ஆக மொத்தம் ரூ. 18 லட்சம்.

இதுவரை ரூ. 11 லட்சத்து 40 ஆயிரம் தந்தவர்களை மறக்க மாட்டோம். மதுரை, சென்னையில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் கேட்டதுமே அனுப்பினார்கள். வத்தல், மல்லி கமிஷன் கடைக்காரர்கள் இரண்டு தவணை கொடுத்தார்கள். மகளிர் குழுவினர் சீட்டுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினார்கள். சுமை தூக்கும் தொழிலாளர்கள் ஒரு நாள் கூலியை அப்படியே கொண்டுவந்து வைத்தபோது வாங்கக் கை கூசியது. அத்தனை பேருக்கும் அம்மன் துணை நிற்பாள்.

அப்புறம், ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த மண்டபத்தில் கல்யாணம் முடித்து, இந்த மகமையில் படித்து, இன்று நல்ல நிலையில் இருக்கும் சிலர் போனையே எடுப்பதில்லை. கூலிக்காரர் கொடுத்துவிட்டார், முதலாளி யோசிக்கலாமா?

புரட்டாசிக் கடைசிக்குள் கொடுங்கள். மொத்தமாக முடியாதவர்கள் தவணையாகத் தரலாம். எவ்வளவு கொடுத்தாலும் சங்கக் கணக்கரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மகமைக் கட்டடத் திருப்பணிக் குழுவினர்