ஐம்பத்தைந்து மாதம் என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் வாகனப் பராமரிப்புப் பகுதியில், "கார் பேட்டரிகளுக்கு இப்போது 55 மாதம் வரை வாரன்டி இருக்கிறது. இடையில் பழுதானால் புதிது மாற்றித் தந்துவிடுவார்கள், கவலை வேண்டாம்" என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டியது என் மனைவிதான். "அப்ப நமக்கு மட்டும் ஏன் தரல?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் அல்ல, சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமுடியாது என்றுதான் பேசாமல் இருந்தேன். அந்தப் பதிலை உங்களுக்கு எழுதுகிறேன்.

தாங்கள் அறியாததல்ல, 55 மாதம் என்பது ஒரு வாரன்டி அல்ல. இரண்டு. என் அட்டையில் 30 கூட்டல் 25 என்று இருக்கிறது. முதல் 30 மாதத்துக்குள் உற்பத்திக் குறையால் போனால்தான் இலவச மாற்று. பிந்திய 25 மாதத்துக்கு 'ப்ரோ-ரேட்டா' என்ற பெயரில் விலையில் ஒரு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியும் நாம் கொடுத்த விலையில் இல்லை, அச்சிட்ட எம்.ஆர்.பி.யில். எம்.ஆர்.பி.க்குக் கார் பேட்டரி வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

என் கதை இது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி வாங்கிய, 35 ஆம்பியர்-மணி திறனுள்ள பேட்டரி. 2025 மே 21, அக்னி நட்சத்திரம். மனைவிக்கு மதுரையில் கண் அறுவைக்குப் பிந்தைய பரிசோதனை. விடிகாலை ஐந்து மணிக்கு வண்டியில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 10.5 வோல்ட்.

பேட்டரி தெரிந்தவர்களுக்கு அந்த எண்ணே போதும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்பது ஆறு செல், அதாவது ஆறு தனி அறை. முழுதாகச் சார்ஜான ஒரு செல் ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறும் சேர்ந்து 12.6. அதில் 10.5 மட்டும் நின்றால் ஐந்து செல் நன்றாக இருக்கிறது, ஒன்று உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் செத்துவிட்டது என்று பொருள். வண்டி நிற்பதால் சார்ஜ் இறங்கினால் ஆறும் சேர்ந்துதான் இறங்கும்.

இதை நான் எங்கோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. தொலைபேசி இணைப்பகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஊரில் கரண்ட் போனாலும் போன் பேச முடிந்ததே, அது பேட்டரி அறையில் வரிசையாக நின்ற 24 செல்களால். ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு ஒவ்வொரு செல்லாக ஆசிட்டின் அடர்த்தி எடுத்துப் பதிவேட்டில் எழுதுவோம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊற்றியே என் பாதி இளமை போயிற்று. ஆசிட் பட்டு ஓட்டை விழாத சட்டை என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவனிடம்தான் சர்வீஸ் மையத்தில் என் பேரன் வயதுப் பையன், பேட்டரி மேல் சார்ஜ் நிலையைக் காட்டும் பச்சைக் கண்ணைக் காட்டி, "கண்ணு பச்சையா இருக்கு சார், பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்றான். தம்பி, ஆறு அறையில் ஓர் அறையைத்தான் அந்தக் கண் பார்க்கும், மற்ற ஐந்தில் எது செத்தாலும் அதற்குத் தெரியாது என்றேன். அவனை நான் குறை சொல்லவில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் உங்கள் கட்டுரையிலும் "கண் பச்சையாக இருந்தால் பேட்டரி ஆரோக்கியமாக உள்ளது" என்று இருக்கிறதே ஐயா. எழுதுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கைக் கேட்டிருக்கக் கூடாதா?

இலவச மாற்றுக் காலம் முடிய 18 நாள் இருக்கும்போது பேட்டரியை ஒப்படைத்தேன். சார்ஜ் போட்டு 48 மணி நேரம் கழித்துச் சோதிப்போம் என்றார்கள். நான்கு முறை போனேன். எந்திரம் இல்லை, ஆள் இல்லை, அறிக்கை வரவில்லை. ஜூன் 12-ஆம் தேதி அறிக்கை வந்தது. ஒரு செல் பழுது என்று அதிலேயே எழுதியிருந்தது. ஆனால் சோதனை முடிந்த தேதியைத்தான் கணக்கில் எடுப்போம், உங்களுக்கு 30 மாதம் கடந்துவிட்டது, இனி ப்ரோ-ரேட்டாதான் என்றார்கள். நான் ஒப்படைத்த தேதிக்கு ரசீது எங்கே என்று கேட்டார்கள். கொடுத்திருந்தால்தானே இருக்கும்! போதாததற்கு, "வண்டிய ஓட்டாம நிறுத்தியே வச்சிருந்திருப்பீங்க சார்" என்று ஒரு வார்த்தை. வாரம் தவறாமல் வோல்ட்டேஜ் எடுத்து எழுதிய நோட்டு என் கையில் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கக்கூட அங்கே யாருக்கும் மனமில்லை.

தள்ளுபடிக் கணக்கையும் கேளுங்கள். எம்.ஆர்.பி. 6,100 ரூபாய், எனக்குச் சொன்ன கழிவு 35 சதவீதம், கட்டவேண்டியது 3,965. பழைய பேட்டரியை அவர்களே வைத்துக்கொள்வார்கள். பக்கத்துத் தெருக் கடையில் அதே பேட்டரி 4,800, பழையதைக் கொடுத்தால் 800 கழித்து 4,000. ஆக, 25 மாத வாரன்டியின் மதிப்பு 35 ரூபாய். தெருக் கடையிலேயே வாங்கினேன்.

இது முதல் முறையும் அல்ல. 2012-ல் திண்டுக்கல்லில் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது கடன் வாங்கி இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினேன். இரண்டாம் வருடம் போயிற்று. அட்டையை நீட்டினால் பில் கேட்டார்கள். பில் வெப்பத்தாளில் அடித்தது, எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிக் கிடந்தது. 2020 ஊரடங்கில் வண்டி மாதக்கணக்கில் நின்று, காரோடு வந்த பேட்டரி இறங்கியபோது ஷோரூம்காரர் பேட்டரி கம்பெனியைக் கைகாட்டினார், கம்பெனிக்காரர் ஷோரூமைக் கைகாட்டினார். புதுக் காரின் வாரன்டிப் புத்தகத்தில் பேட்டரியும் டயரும் அதைச் செய்தவர் பொறுப்பு என்று பொடி எழுத்தில் இருப்பதை அன்றைக்குத்தான் கண்ணாடி போட்டுப் படித்தேன். நானே வீட்டில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி அதை மீட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டினேன். அப்போதும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடநெருக்கடி இருந்திருக்கும், அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது வந்திருந்தால் இன்று இப்படி ஒரு வரி வந்திருக்காது என்ற வருத்தம் இருக்கிறது.

உங்கள் பத்திரிகையை 38 வருடமாக வாங்குகிறேன். "பேப்பர்லயே போட்டிருக்கான்" என்று நம்பி ஒருவர் கடைக்குப் போவார். ஆட்டோ ஓட்டுபவர், வாடகைக் கார் ஓட்டுபவர், வண்டி நின்றால் அன்றைய வருமானம் நிற்கும் மனிதர். அவரிடம் கவலை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. கொடுத்து வாங்கியவன் நான், எனக்கே கவலைப்பட வேண்டியிருந்தது.

கவலைப்பட்டு என்ன செய்வது என்றாவது கட்டுரையில் இருந்ததா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒப்படைத்த ரசீது இல்லாததுதான் என் பக்கத்து ஓட்டை, அதற்கு அன்றைக்குக் கைபேசியில் எடுத்த ஒரு படம் மட்டும் இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அதே பகுதியில் நான்கு வரி திருத்தம் போடுங்கள். வாரன்டியில் இலவச மாதம் எத்தனை, தள்ளுபடி மாதம் எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கவும். பில்லை அன்றே நகலெடுக்கவும். பழுதான பேட்டரியை ஒப்படைக்கும்போது தேதி, முத்திரையோடு ரசீது வாங்காமல் நகரவேண்டாம். பச்சைக் கண்ணை மட்டும் நம்பவேண்டாம். இந்தக் கடிதத்தைப் போட இடமில்லை என்றால் விட்டுவிடுங்கள், அந்த நான்கு வரியை மட்டுமாவது, அந்தக் கட்டுரை வந்த அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர்,
திண்டுக்கல்.