பேரனின் சுன்னத்தும் இன்சூரன்ஸ் தாளும்

தக்கலை,
வெள்ளி இரவு

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தை உன் தம்பி படம் பிடித்து உன் ஃபோனுக்கு அனுப்புவான். தபாலில் போட்டால் வந்து சேர்வதற்குள் நாள் கடந்துவிடும். பேசியே சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நீ "பார்க்கலாம் வாப்பா" என்று முடித்துவிடுகிறாய். அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைக்கு இன்று பதினாறாம் நாள். மஞ்சள் இறங்கிவிட்டது என்றாய், அல்ஹம்துலில்லாஹ். மஞ்சளும் எடைக்குறைவும் இருந்ததால் ஆஸ்பத்திரியில் சுன்னத்தைத் தள்ளிவைத்தது சரிதான். நாம் பின்பற்றும் ஷாபி மத்ஹபின் மார்க்கச் சட்டப்படி ஏழாம் நாள் சிறப்பு. பிள்ளைக்கு உடம்பு தேறவில்லையென்றால் பொறுக்கலாம். பருவமடைந்துவிட்டால்தான் கட்டாயம். நம் தெருவில் ஐந்து, ஆறு வயதில்தானே செய்கிறார்கள்? உன் தம்பிக்கு நெய்ச்சோறு போட்டு ஊரைக் கூட்டியது உனக்கு நினைவிருக்கும். அதனால் மார்க்கத்தின் பக்கமிருந்து அவசரம் எதுவும் இல்லை. உன் உம்மா வேறு மாதிரி நினைக்கிறாள். அமெரிக்கா போய் நீங்கள் இதையெல்லாம் விட்டுவிட்டீர்களோ என்று தொழுகைப்பாயில் உட்கார்ந்து அழுகிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. என் கவலை இன்சூரன்ஸ்.

ஆறாம் மாதத்தில் உங்கள் பாலிசியின் சுருக்கத்தாளை அனுப்பி "வாப்பா, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாய். இருபது வருஷம் வீடு வீடாகப் பாலிசி எழுதியவனுக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்? கோட்டாரில் அச்செடுத்து முழுவதும் படித்தேன். அன்றே சொன்னேன்: பிறப்பது ஆண்பிள்ளை என்றால் சுன்னத்துக்குப் பணம் உண்டா, எவ்வளவு உண்டு என்று கேட்டு எழுத்தில் வாங்கு. "முதலில் பிறக்கட்டும்" என்றாய். பிறந்து பதினாறு நாள் ஆகிவிட்டது.

முதல் காரியத்தை முதலில் கேட்கிறேன். பிள்ளையின் பெயரைப் பாலிசியில் சேர்த்துவிட்டீர்களா? கம்பெனி மூலம் கிடைக்கும் பாலிசி என்றால் பிறந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சேர்க்கக் கேட்க வேண்டும். அப்படிச் சேர்த்தால் பிறந்த நாளிலிருந்தே பாதுகாப்பு கணக்காகும். மஞ்சளுக்கு விளக்கொளியில் வைத்த செலவும் அதில் அடங்கும். தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த வருஷச் சேர்க்கை வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கினார்கள் என்று இருந்துவிடாதே. அது பிறப்புப் பதிவுக்கு. இன்சூரன்ஸில் சேர்ப்பது மருமகனின் அலுவலகம் வழியாக நடக்க வேண்டும். பதினாறு போனால் மீதி பதினாலு நாள்.

சுன்னத் செலவுக்கு வருகிறேன். நம் ஊர் மருத்துவ பாலிசிகளில் சுன்னத் விலக்குப் பட்டியலிலேயே இருக்கும். நோய்க்காகவோ விபத்தாலோ தேவைப்பட்டால் மட்டும் பணம் கொடுப்பார்கள். இங்கே யாரும் இதற்காக இன்சூரன்ஸைத் தேடுவதும் இல்லை. முன்பு சுன்னத் செய்துவிடும் ஒசா வீட்டுக்கு வந்தார், இப்போது டாக்டர், கையிலிருந்து கொடுத்து முடித்துவிடுகிறோம். அங்கே அப்படி இல்லை. மதம் பார்க்காமல் ஏராளமான பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள், அதனால் நிறைய பாலிசிகள் பணம் கொடுக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் வெளியிட்ட அறிக்கையைத் தம்பி எனக்குப் படித்துச் சொன்னான். நன்மை அபாயத்தைவிட அதிகம். ஆனால் எல்லா ஆண்குழந்தைக்கும் வழக்கமாகச் செய்யுங்கள் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. விரும்புகிற பெற்றோருக்கு வாய்ப்பும் இன்சூரன்ஸ் பணமும் கிடைப்பது நியாயம். மூன்றையும் ஒரே அறிக்கையில் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்க நினைப்பவருக்கும் மறுக்க நினைப்பவருக்கும் அதில் இடம் இருக்கிறது. ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெயிடில் கலிபோர்னியா 1982-லேயே இதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது, புளோரிடா 2003-இல். ஆகவே தெரிந்தவர் ஒருவருக்குக் கிடைத்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. உன் பாலிசி என்ன சொல்கிறது, அதுதான் கணக்கு.

சுருக்கத்தாளின் கடைசியில் எவற்றுக்குப் பணம் கிடையாது என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சுன்னத்தின் பெயர் இல்லை. பெயர் இல்லை என்பதால் பணம் உண்டு என்று ஆகிவிடாது, மக்களே. என் கைவழியாக வந்த எத்தனையோ கிளெய்ம்களில் இந்த நம்பிக்கைதான் ஆட்களை ஏமாற்றியது. முழுப் பாலிசிப் புத்தகத்தையும் கேட்டு வாங்கி, விலக்குகள் என்ற பகுதியைப் படி. அதன்பிறகு வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு, பில்லில் போடும் சிகிச்சைக் குறியீட்டைச் சொல்லிக் கேள். கருவி வைத்துச் செய்தால் 54150. கருவி இல்லாமல் அறுத்துச் செய்தால் 28 நாள் வரை 54160, அதற்கு மேல் 54161. நோய் எதுவும் இல்லாமல் வழக்கப்படி செய்வதற்கான காரணக் குறியீடு இசட் 41.2. குறியீடு சொல்லாமல் கேட்டால் பொதுவாக ஒரு பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. யார் பேசினார்கள், எந்தத் தேதி, அழைப்பு எண் என்ன என்று குறித்துக்கொள். பதிலை எழுத்தில் வாங்கு.

பணம் உண்டு என்று சொன்னாலும் முழுவதும் வரும் என்று நினைக்காதே. ஒரு பைசா வாங்காமல் தர வேண்டிய தடுப்புச் சிகிச்சைகள் என்று அங்கே சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சுன்னத் அதில் இல்லை. ஆகவே முதலில் நீங்கள் கட்ட வேண்டிய டிடக்டபிள் குறுக்கே வரும். பிரசவத்தில் உன் டிடக்டபிள் முடிந்திருக்கும். பிள்ளை தனி ஆள், அவன் பெயரில் புதிதாகத் தொடங்கும். டாக்டருக்குத் தனி பில், இடத்துக்குத் தனி பில் வரலாம். இரண்டு பேரும் உங்கள் பாலிசியின் வலையமைப்பில், அதாவது இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில், இருக்கிறார்களா என்று தனித்தனியாகக் கேள். பில்லுக்கு முன்னால் இன்சூரன்ஸிலிருந்து ஒரு தாள் வரும். அது விளக்கத் தாள் மட்டும்தான், அதைப் பார்த்துப் பயந்து பணம் கட்டிவிடாதே. மறுத்தாலும் மேல்முறையீட்டுக்கு 180 நாள் இருக்கிறது.

இவ்வளவையும் இப்போதே சொல்வதற்குக் காரணம் வயது. பிறந்த சில வாரங்களுக்குள் என்றால் டாக்டரின் அறையிலேயே, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்துவிடுவார்கள். செலவு பெரும்பாலும் சில நூறு டாலரில் முடியும். பிள்ளை வளர்ந்து கைகால் உதைக்கத் தொடங்கிவிட்டால் முழு மயக்கம், அறுவை அரங்கு, மயக்க மருத்துவர் என்று சில ஆயிரத்துக்குப் போய்விடும். நம் ஊர் வழக்கத்தை நினைத்து அங்கே பொறுத்திருப்பது நஷ்டம். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்றும் பார்த்துக்கொள். ரத்தம் உறையாத நோய் நம் பக்கத்தில் யாருக்கும் கிடையாது, உம்மா பக்கத்திலும் கிடையாது. டாக்டர் கேட்டால் சொல்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பொதுவாகத் தெரிந்திருக்க வேண்டியது என்பதற்காகத்தான். வேலை மாறுகிற வீடுகளில், அல்லது இரண்டு வேலைக்கு நடுவே கொஞ்ச நாள் இருக்கிற வீடுகளில், இன்சூரன்ஸ் அன்றோடு போய்விட்டது என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி என்றால் கோப்ரா என்று ஒரு சட்டம் உண்டு. அதே பாலிசியைப் பொதுவாக 18 மாதம் வரை சொந்தப் பணத்தில் தொடரலாம். முடிவு செய்ய 60 நாள் தருகிறார்கள். அதற்குள் சேர்ந்து பணத்தைக் கட்டினால் விட்டுப்போன நாளிலிருந்தே கணக்கு. பிரீமியம் கூடுதல்தான், கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும், அதற்கு மேல் நூற்றுக்கு இரண்டு. அது முடியாதென்றால் அரசின் இன்சூரன்ஸ் சந்தையில் வேறு பாலிசி எடுக்கலாம், அதற்கும் 60 நாள். இன்சூரன்ஸே இல்லாமல் கையிலிருந்து கட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே செலவு மதிப்பீடு எழுதித் தர வேண்டும் என்று 2022 முதல் சட்டம் இருக்கிறது. லாபநோக்கில்லாத ஆஸ்பத்திரிகள் வருமானம் குறைந்தவர்களுக்கு உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை இரவு எட்டரைக்கு நான் கூப்பிட்டேன். நியூ ஜெர்சியில் அப்போது காலை பதினொன்று. மருமகன் பின்னால் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தார். பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! அவருக்குப் பத்து நாள்தான் விடுப்பு என்று நீ முன்பு சொன்னாய். கூட்டிக் கொடுத்திருப்பார்கள். நல்ல கம்பெனிகள் கொடுக்கும். நான் எதுவும் கேட்கவில்லை.

நீ பொறியியல் கல்லூரிக்குப் போனபோது பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புகிறான் என்று பேசியவர்கள், இன்று தங்கள் பேத்திகளின் விண்ணப்பத்தை நிரப்ப உன் எண்ணை என்னிடம் கேட்கிறார்கள். மாமியின் கண் ஆபரேஷனுக்கு, ராத்தாவின் வீட்டுக்கடனுக்கு, இந்த வீட்டுக் கிணற்றுக்கு, எல்லாவற்றுக்கும் நீ அனுப்பினாய். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. அது எனக்குப் பெருமை. ஆனால் அனுப்பிப் பழகியவள் கேட்கத் தெரியாதவளாக ஆகிவிட்டாயோ என்று இப்போது தோன்றுகிறது. பெற்றவனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாய்? நான் செத்தா போய்விட்டேன்?

தபால் நிலையத்தில் போட்ட பணம் இந்த மாதம் முதிர்கிறது. மாடிக்கு ஓடு மாற்ற வைத்திருந்தேன். ஓடு அடுத்த வருஷம் மாற்றலாம். பாங்கில் கேட்டுவிட்டேன், பான் அட்டையும் படிவமும் கொடுத்தால் வெளிநாட்டிலிருக்கும் மகளுக்கு இங்கிருந்து அனுப்பலாம் என்றார்கள். உம்மாவிடம் சொல்லவில்லை. மருமகனிடம் நீ சொல்ல வேண்டாம் என்றால் அவருக்கும் தெரிய வேண்டாம். பேரனின் சுன்னத்துக்கு அவன் நன்னாவாக நான் கொடுத்தது என்று இருக்கட்டும். நம் வழக்கத்தில் அது உள்ளதுதானே, யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். மீதியை எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

ஒருவேளை அங்கே வேண்டாம், கோடை விடுமுறையில் ஊருக்கு வந்து இங்கேயே செய்துகொள்ளலாம் என்று தோன்றினால் அதுவும் எங்களுக்குச் சந்தோஷம். நாகர்கோவிலில் நல்ல குழந்தை அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று பேருக்கு விமான டிக்கெட் அங்கே வரும் பில்லைவிட அதிகம். வந்தால் திரும்பிப் போவதில் விசா சிக்கல் ஏதாவது இருந்தால் அதையும் யோசித்துக்கொள். இப்படி ஒரு சிக்கல் இருந்து, அதை எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்திருந்தால், சொல்லிவிடு மக்களே. சொன்னால் நாங்கள் தாங்கமாட்டோம் என்று நினைக்காதே. உம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் பிள்ளையின் பெயரைச் சேர்க்கும் வேலையைப் பார். மருமகனின் அலுவலகம் வழியாகவோ, கோப்ரா வழியாகவோ, எந்த வழியாக இருந்தாலும். சேர்த்த தேதியை எனக்கு அனுப்பு. குறியீடு சொல்லிக் கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்றும் அனுப்பு. எழுத்தில் வாங்கிய தாளைப் படம் எடுத்து அனுப்பினால் நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். மருமகனுக்கு என் ஸலாம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வாப்பா