எதிராளி போட்டிருக்க வேண்டிய கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன் தன் மகன் ஹன்டருக்குக் கொடுத்த தண்டனை மன்னிப்பைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, தந்தைப் பாசத்தை மட்டுமே பேசுகிறது. மத்திய சிறை அலுவலகத்தில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்து, கருணை மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். என்னை உறுத்துவது வேறு.

2024 அக்டோபரில், தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, ஒரு வானொலிப் பேட்டியில் எதிர்க்கட்சி வேட்பாளரான ட்ரம்பிடம், ஜெயித்தால் ஹன்டரை மன்னிப்பீர்களா என்று கேட்டார்கள். ஹன்டரை மன்னிக்கும் யோசனையை ஒதுக்கிவிட மாட்டேன் என்றார். பைடனோ, மகனை மன்னிக்க மாட்டேன் என்று ஜூனிலேயே சொல்லியிருந்தார். போதைப் பழக்கத்தை மறைத்துத் துப்பாக்கி வாங்கிய வழக்கில் வில்மிங்டன் ஜூரி ஹன்டரைக் குற்றவாளி என்றது. ஹன்டருடைய மகளே கூண்டேறிச் சாட்சி சொன்னார், பாவம். வரி வழக்கில் ஒன்பது குற்றச்சாட்டுகளையும் அவரே ஒப்புக்கொண்டார். தண்டனை அறிவிக்க இரண்டு வாரம் இருக்கையில், டிசம்பர் 1 அன்று தகப்பனார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொல்கிறபடிதான் கருணை மனுவில் முடிவெடுக்க முடியும். அமெரிக்காவிலோ, மத்திய அரசின் சட்டப்படியான குற்றங்களுக்கு அதிபரின் ஒற்றைக் கையெழுத்து போதும். முன்பு அதிபராக இருந்த கிளின்டன் தன் தம்பிக்குப் போட்டார், ட்ரம்ப் தன் சம்பந்திக்குப் போட்டார்.

கிணற்றுத் தகராறில் கொலை செய்த ஓர் ஆயுள் கைதிக்காக அவன் அம்மா வருஷாவருஷம் மனு கொடுப்பார். பெற்றவள் கேட்கத்தானே செய்வாள் என்று அதைக் கட்டோடு வைத்துவிடுவார்கள். ஒருநாள் செத்தவருடைய அண்ணன் வந்தார். “உள்ளே இருக்கிறவன் பிள்ளைகள் தெருவில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை, எழுதுங்கள் சார்” என்றார். எழுதிக் கொடுத்தேன், கைநாட்டு வைத்தார். அதிகாரிகள் உட்கார்ந்து இரண்டு தடவை படித்த மனு, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். அடுத்த ஆண்டு முன்விடுதலைப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது.

ட்ரம்ப் கட்டாயம் மன்னித்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஹன்டர் சில மாதம் உள்ளே இருக்கவும் நேர்ந்திருக்கலாம். அதைத் தாங்கிக்கொண்டு மனுவோடு வந்து நின்ற பெற்றோர் எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். பைடன் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அந்தக் கோப்பை ட்ரம்பின் மேசையில் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறைத்துறை எழுத்தர்,
நாங்குநேரி.