கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம்: 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

ஆடித் திருவிழா மாதம் நீங்கலாக நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. கீழ மடையின் பலகை மாற்றப்பட்டது. கலுங்கு ஓரத்துச் சீமைக் கருவேலத்தை ஏலம் விட்ட தொகை உள்ளிட்ட வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மற்றபடி இந்த ஆண்டு நம்மைப் பேச வைத்தது செயற்கை மழைக் கோரிக்கைதான். “மேகம் திரண்டு வந்து ஏமாற்றிவிட்டுப் போகிறது, விமானத்தை விட்டு மருந்து தூவச் சொல்லி ஆட்சியரிடம் மனு கொடுப்போம்” என்று சென்ற பொதுக்குழுவில் பலர் கேட்டார்கள். விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1983இலும், 1984 முதல் 1987 வரையிலும், பிறகு 1993–94இலும் வறட்சியின்போது அரசே மேக விதைப்பு, அதாவது மேகத்தில் மருந்து தூவி மழை பெய்ய வைக்கும் முயற்சி, செய்திருக்கிறது. “விமானம் போன மறுநாள் கொட்டித் தீர்த்தது, தம்பி” என்றார் நமது மூத்த உறுப்பினர் ஒருவர். “விமானம் போகாமல் இருந்திருந்தால் எவ்வளவு பெய்திருக்கும், ஐயா?” என்று கேட்டேன். “அதை எப்படியப்பா சொல்வது?” என்றார். விஞ்ஞானிகள் அறுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டுவதும் அந்தக் கேள்வியோடுதான்.

நமது இரண்டு மழைமானிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் ஒரு மாலை பள்ளிக்கூடத்து மழைமானி நிரம்பி வழிந்தது. கலுங்கு மேட்டில் இருப்பதன் அடிகூடச் சரியாக நனையவில்லை. இரண்டுக்கும் இடையே கால் மணி நேர நடைதான். மழை தானாகவே இப்படிக் கூடியும் குறைந்தும் பெய்யும் ஊரில், விமானத்தால் கூடியது இவ்வளவு என்று எப்படிப் பிரித்துக் காட்டுவது?

அதற்கு ஒரே வழி சீட்டுக் குலுக்கல்தான். விதைக்கத் தகுந்த மேகங்களை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, எதில் தூவுவது, எதைச் சும்மா விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் பாராமதி வட்டாரத்தில் 1973க்கும் 1986க்கும் இடையே 11 பருவமழைக் காலங்களில் உப்புத் தூள் தூவி இப்படிச் சோதித்தது. மழை 24 விழுக்காடு கூடியதாகக் கணக்கிட்டார்கள். ஒரு விடைக்கு 11 பருவங்கள் என்பதைக் கவனியுங்கள். அதே நிறுவனம் 2018, 2019இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில் 276 மேகங்களை ஆராய்ந்தது. சில இடங்களில் 46 விழுக்காடும், காற்று வீசும் திசையில் 100 சதுர கிலோமீட்டர் பரப்புக்குச் சராசரியாக 18 விழுக்காடும் கூடுதல் மழை என்றது. லிட்டருக்கு 18 பைசா செலவு.

இந்த 18 பைசாவைக் கேட்டதும் “டேங்கர் தண்ணீரைவிட மலிவாயிற்றே!” என்று ஒரு குரல் எழுந்தது. மலிவுதான். ஆனால் அந்தத் தண்ணீர் நம் கண்மாய்க்குத்தான் வர வேண்டும் என்று மேகத்துக்கு யாரும் உத்தரவு போட முடியாது. சோலாப்பூருக்குத் தென்மேற்குப் பருவமழை, நமக்கு வடகிழக்கு. அங்கே கண்டது இங்கேயும் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இஸ்ரேலின் கதையையும் சொல்ல வேண்டும். 1960களில் செய்த முதல் சோதனையில் 15 விழுக்காடு கூடியதாகச் சொன்னார்கள். அதை நம்பிப் பல பத்தாண்டுகள் விதைத்தார்கள். பிறகு 2013 முதல் 2020 வரை மீண்டும் குலுக்கல் முறையில் சோதித்ததில் வந்தது 1.8 விழுக்காடு. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு. திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். தங்கள் கணக்கைத் தாங்களே மறுபடி சரிபார்த்த அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

மேகமே இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2025 அக்டோபரில் டெல்லியில் கான்பூர் ஐ.ஐ.டி. விமானம் பறந்தபோது மேகத்தில் இருந்த ஈரப்பதம் 10 முதல் 15 விழுக்காடுதான். மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை. நாம் தவியாய்த் தவிக்கும் சித்திரை, வைகாசியில் நம் வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இவற்றையெல்லாம் கார்த்திகை மாதக் கூட்டத்தில் வைத்தேன். வாக்குவாதம் இரவு பத்து மணியைத் தாண்டியது. மனுவைக் கிழித்துப் போடவில்லை, திருத்தி எழுதினோம். நம் வட்டாரத்தில் எப்போதாவது விதைப்பு நடந்தால் குலுக்கல் முறையில் நடக்க வேண்டும், தூவாமல் விட்ட மேகங்களின் கணக்கையும் வெளியிட வேண்டும், நமது மழைமானிக் குறிப்பேட்டை இலவசமாகத் தருகிறோம் என்பதே அதன் சாரம். எதிர்த்த இரு உறுப்பினர்களின் கருத்தும் நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகியுள்ளது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

கடைசியாக ஒன்று. குறிப்பேட்டைத் தருகிறோம் என்று வீறாப்பாக எழுதிவிட்டோமே தவிர, அதில் மார்கழி மாதத்தில் ஒன்பது நாட்கள் வெற்றாகக் கிடக்கின்றன. காலை எட்டரை மணிக்கு அளவெடுக்கும் வேலையை வரும் ஆண்டுக்கு முறை வைத்துப் பிரித்துக்கொள்ள, கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இவ்வறிக்கைக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்